பெருங்குடல் புண்ணு கேன்சர் ஆவதுக்கு பாக்டீரியாதான் காரணமா? ஸ்கோப் எடுக்கணுமா வேண்டாமா?

மட்டிப்பழம்:

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமா போவும் பொறுத்துக்கணும். எனக்க வீட்டுக்காரருக்கு 2015ல அல்சரேட்டிவ் கோலைட்டிஸ்னு திருவனந்தபுரத்துல கண்டுபிடிச்சாவ, பெருங்குடல் முழுக்க புண்ணுன்னு ரிப்போர்ட்ல இருந்தது. அருமனை பக்கம் ரப்பர் வெட்டுதான் தொழிலு, வெளுப்பாங்காலம் தலையில லைட்ட கட்டிகிட்டு தோட்டத்துக்கு போற ஆளு, நோவு கூடுன சமயம் பாதி வெட்டுல சிரட்டைய போட்டுட்டு வீட்டுக்கு ஓடி வந்ததெல்லாம் உண்டு. மாத்திரை எனிமா ஸ்டீராய்டுன்னு எல்லாம் செய்து இப்ப கொஞ்ச காலமா கொள்ளாம், ரத்தம் போறதில்ல, வெயிட்டும் ஏறியாச்சு.

இந்த தடவ செக்கப்புக்கு போனப்ப டாக்டரு எட்டு வருஷம் தாண்டியாச்சு இனி கொலோனோஸ்கோப்பி இடைக்கிடைக்கு எடுத்து பாக்கணும், நாள்பட்ட புண்ணுல கேன்சர் வர சான்ஸ் இருக்குன்னு மலையாளத்துல படபடன்னு சொல்லிட்டு அடுத்த டோக்கன கூப்பிட்டாரு. வெளிய வந்ததும் இவிய "ரத்தமே போவல, எனக்கு என்னத்துக்கு குழாயி"ன்னு ஒரே பிடிவாதம். இதுல இன்னொண்ணு, சுகமா இருக்குன்னு மாத்திரையையும் அப்பப்ப நிறுத்துகாவ, நான் டப்பாவ எண்ணி பாத்து கண்டுபிடிச்சா அன்னைக்கு வீட்டுல சண்டை.

இதுக்கு நடுவுல எனக்க கொழுந்தன் ஒரு வீடியோ அனுப்புனான். குடல்ல உள்ள கெட்ட பாக்டீரியாதான் கேன்சர உண்டாக்குது, புண்ணு சும்மா அடையாளம்தான், மலத்த கூரியர்ல அனுப்புனா எந்த பாக்டீரியான்னு டெஸ்ட் செய்து சொல்லுவாவளாம், அதுக்கேத்த மாதிரி மருந்து தின்னா தீந்துச்சாம். கொழுந்தனுக்கு முன்ன இரைப்பையில எச் பைலோரின்னு ஒரு கிருமி இருந்து ரெண்டு வாரம் மாத்திரை தின்னு சுகமாச்சு, அதனால அவனுக்கு எல்லா வியாதியும் கிருமிதான்.

நான் கேக்கது இதுதான். பாக்டீரியா கேன்சர் கொண்டு வரும்ங்கது உள்ளதா? உள்ளதுன்னா பின்ன புண்ணுக்கு எதுக்கு காலம் முழுக்க மாத்திரை, கிருமிய கொன்னா போதாதா? அந்த கூரியர் டெஸ்ட் எடுக்கலாமா, வெல நல்லா சொல்லுகானுவ. விவரம் தெரிஞ்சவங்க யாராவது சொல்லுங்க, எனக்கு ராத்திரி உறக்கமே இல்ல.

வேம்புநிழல்:

சகோதரி பயப்படாதீங்க. இந்த குழாய் விடுற வேலையெல்லாம் பில் போடத்தான். சுகமா இருக்கிற மனுஷன் குடலுக்குள்ள எதுக்கு கேமரா? மாதுளம் ஓட்ட காய வச்சு பொடிச்சு மோர்ல கலக்கி குடுங்க, காலைல பழங்கஞ்சி சின்ன உள்ளியோட. நம்ம தாத்தா காலத்துல யாருக்கு கோலைட்டிஸ் இருந்துச்சு சொல்லுங்க. குடல் சுத்தமா இருந்தா கேன்சர் எங்கருந்து வரும்.

புளியரை பஸ்:

வேம்பு அண்ணாச்சி, தாத்தா காலத்துல ரத்தபேதின்னு சொல்லி புதைச்சதுல எத்தனை கோலைட்டிஸ் இருந்துச்சோ யாரு கண்டா. மோர் குடிங்க வேண்டாங்கல, ஆனா குழாயே வேண்டாம்னு ஒருத்தங்க வீட்டுக்காரருக்கு இங்க உக்காந்து தீர்ப்பு சொல்லாதீங்க.

அக்கா, நானும் உங்க வீட்டுக்காரர் கேஸ்தான், எனக்கு இடது பக்கம் மட்டும். செங்கோட்டைலருந்து புனலூர் தாண்டி போய்த்தான் காட்டுதேன். மாத்திரைய நிறுத்துற பழக்கம் எல்லாருக்கும் வரும், ரத்தம் நின்ன உடனே மனசு சொல்லும் போதும்டான்னு. எங்க டாக்டர் ஒரு காரியம் பண்ணுவாரு, மலத்துல கால்புரோடெக்டின்னு ஒரு டெஸ்ட் எழுதுவாரு. வெளிய ரத்தம் இல்லாட்டியும் உள்ள புண்ணு கனிஞ்சுகிட்டு இருந்தா அதுல நம்பர் ஏறி நிக்கும். நான் ரொம்ப சுகமா இருக்கேன்னு மீசைய முறுக்கிட்டு போன சமயத்துல எனக்கு நம்பர் எக்கச்சக்கமா வந்துச்சு, அன்னைக்கு அடங்குன வாய்தான். உங்க வீட்டுக்காரர்ட்ட சண்டை போடுறத விட அந்த ரிப்போர்ட்ட காட்டுங்க, ஆம்பளைங்க பொண்டாட்டி சொன்னா கேக்க மாட்டாங்க, பேப்பர்ல அச்சடிச்சு வந்தா கேப்பாங்க.

இன்னொண்ணு முக்கியம், வெட்டுக்கு போற ஆளுக்கு முதுகு வலி இருக்குமே, மெடிக்கல் ஷாப்புல போய் டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரை வாங்கி போடுறாரான்னு பாத்துக்கிடுங்க. அந்த ரக மாத்திரை சில பேருக்கு கோலைட்டிஸ கிளப்பி விட்டுரும், வலிக்கு வேற என்ன போடலாம்னு டாக்டர்ட்டயே கேட்டுருங்க.

கிருமி சமாச்சாரம் எனக்கு அவ்வளவு தெரியாது, பாறசாலை தம்பி லேப்ல இருக்காப்ல, அவரு வரட்டும்.

பாறசாலை:

வந்தாச்சு. அக்கா, வீடியோவுல பாதி உள்ளதுதான், அதுதான் தொந்தரவே, முழுப்பொய்யா இருந்தா ஒத்த வரில பதில் சொல்லிட்டு போயிரலாம். நான் டாக்டர் இல்ல, திருவனந்தபுரத்துல ஒரு லேப்ல பாக்டீரியா வளத்து பாக்குற வேல, அதனால கிருமி பக்கத்து கதைய மட்டும் சொல்லுகேன்.

நல்லா இருக்கிற பெருங்குடல்ல பாக்டீரியாவுக்கும் நம்ம செல்லுக்கும் நடுவுல வழுவழுன்னு ஒரு சளிப்படலம் ரெண்டு அடுக்கா இருக்கும், உள் அடுக்குல பாக்டீரியா அனேகமா இருக்காது. அப்புறம் உள்ளுக்குள்ள ஆக்சிஜன் கிடையாது. ஏன் கிடையாதுன்னா, நாம தின்ன நார்ச்சத்த ஃபீக்காலிபாக்டீரியம், ரோஸ்பூரியா மாதிரி பாக்டீரியா புளிக்க வச்சு ப்யூட்டிரேட்னு ஒண்ண உண்டாக்கும், குடல் செல்லுக்கு முக்கியமான தீனியே அதுதான், அத எரிக்கிறதுக்கு செல்லு ஆக்சிஜன செலவழிச்சிரும், உள்ளுக்கு கசியாது. ஆக்சிஜன் இல்லாத எடத்துல வாழத் தெரிஞ்ச சாதுவான கூட்டம் பெருகி இருக்கும், ஈ.கோலை மாதிரி ஆளுங்க மூலையில கொஞ்சமா கெடப்பானுவ.

கோலைட்டிஸ் வந்தா இது எல்லாமே தலைகீழ். சளிப்படலம் மெலிஞ்சு போவும். இன்ஃப்ளமேஷன்ல, அதாவது புண்ணோட வர்ற அழற்சில, நம்ம உடம்பே நைட்ரிக் ஆக்சைடு உண்டாக்கும், அது நைட்ரேட்டா மாறி குடலுக்குள்ள இறங்கும். ஆக்சிஜன் இல்லாட்டியும் அந்த நைட்ரேட்ட வச்சு ஈ.கோலைக்கு மூச்சு விடத் தெரியும், நல்ல கூட்டத்துக்கு தெரியாது. இத 2013ல வின்டர், பாம்லர்னு கலிஃபோர்னியா டேவிஸ் ஆளுங்க எலில காட்டுனாங்க. அதாவது புண்ணு சும்மா அடையாளம்னு வீடியோக்காரன் சொன்னான்ல, அது தப்பு. கெட்டவனுக்கு எடம் ஒதுக்கி குடுக்கறதே அந்த புண்ணுதான்.

சரி ஈ.கோலை பெருகுனா என்ன, எல்லாரு வயித்துலயும் இருக்கிறதுதானே? எல்லா ஈ.கோலையும் ஒண்ணு இல்ல. சிலதுகிட்ட பிகேஎஸ்னு ஒரு ஜீன் தொகுப்பு இருக்கு, அத வச்சு கோலிபாக்டின்னு ஒரு நஞ்சு செய்யும், 2006ல பிரான்ஸ்காரங்க கண்டுபிடிச்சது. அது நம்ம செல்லுக்குள்ள போய் டிஎன்ஏவோட ரெண்டு இழையையும் குறுக்க பிடிச்சு ஒட்டிரும். ஆனா ரொம்ப நேரம் நிக்காது, பாக்டீரியா செல்லு கிட்டயே போனாதான் வேல நடக்கும். இப்ப சளிப்படலம் மெலிஞ்சு போச்சுன்னு சொன்னத இதோட சேத்து பாருங்க.

எனக்கு ரொம்ப பிடிச்ச பரிசோதனை ஒண்ணு. 2012ல நார்த் கரோலினாவுல ஜானெல் ஆர்தர், கிறிஸ்டியன் ஜோபின் குழு செஞ்சது. ஐஎல்-10ங்கிற ஜீன எடுத்துட்டா எலிக்கு இன்ஃப்ளமேஷன அடக்க முடியாது, தானா கோலைட்டிஸ் வரும். ஆனா அதே எலிய கிருமியே இல்லாத கூண்டுல வளத்தா கோலைட்டிஸ் வராது. இவங்க அப்படி வளத்த எலில ஒரு கூட்டத்துக்கு ஈ.கோலை மட்டும், இன்னொரு கூட்டத்துக்கு என்டரோகாக்கஸ்ங்கிற வேற ஒரு பாக்டீரியா மட்டும் குடுத்து, கூட கட்டிய தூண்டுற ஒரு ரசாயனத்தையும் ஊசில போட்டாங்க. ரெண்டு கூட்டத்துக்கும் புண்ணு ஏறக்குறைய ஒரே அளவு, ஆனா கட்டி ஈ.கோலை கூட்டத்துலதான் ஏராளம். அதோட விடல, அந்த ஈ.கோலைலருந்து பிகேஎஸ்ஸ மட்டும் வெட்டி எடுத்துட்டு திரும்ப குடுத்து பாத்தாங்க. புண்ணு அப்படியே இருந்துச்சு, கட்டி மட்டும் குறைஞ்சு போச்சு. புண்ணு வேற, டிஎன்ஏவ கெடுக்கிறது வேற, ரெண்டும் சேந்தா கட்டி கூடும்னு இதவிட தெளிவா காட்ட முடியாது.

அதே பேப்பர்ல மனுஷங்களையும் பாத்தாங்க. பிகேஎஸ் உள்ள ஈ.கோலை பெருங்குடல் கேன்சர் உள்ளவங்கள்ல 66.7 சதவீதம், ஐபிடின்னு சொல்லுற குடல் அழற்சி நோவு (அல்சரேட்டிவ் கோலைட்டிஸும் இதுல ஒண்ணு) உள்ளவங்கள்ல 40, ஒண்ணுமில்லாதவங்கள்ல 20.8. பாத்த ஆளுங்க எண்ணிக்கை கம்மி, அதனால நம்பர கெட்டியா பிடிச்சுக்க வேண்டாம், ஆனா கடைசி நம்பர ஓர்மைல வைங்க, அந்த கூரியர் டெஸ்ட்டுக்கு அது வேணும். 2020ல நெதர்லாந்து உட்ரெக்ட்ல லேப்ல வளத்த மனுஷ குடல் செல்லுக்குள்ள இந்த ஈ.கோலைய அஞ்சு மாசம் திரும்ப திரும்ப செலுத்தி, அது டிஎன்ஏல விட்டுட்டு போற தடத்த கண்டுபிடிச்சாங்க, அதே தடம் நிஜ நோயாளிங்க கேன்சர் கட்டிலயும் ஒரு பங்கு ஆளுங்களுக்கு இருந்துச்சு.

கிருமி இல்லாமலே புண்ணு தனியா செய்யுற கேடும் உண்டு. வெட்டுக்காரர் வீட்டுல இத சொன்னா புரியும், ஒரே பட்டைல ஆழமா காயம் பட்டு பட்டு ஆறுன ரப்பர் மரம் முண்டும் முடிச்சுமாத்தானே பட்டை விடும். குடல்லயும் செல்லு செத்து செத்து புதுசு முளைக்கும்போது பிழை சேந்துகிட்டே போவும். 2020ல வந்த ஒரு ஆராய்ச்சில கோலைட்டிஸ் உள்ளவங்க குடல்ல கேன்சர் இல்லாத எடத்துலயே டிஎன்ஏ பிழை சேருற வேகம் சாதாரண ஆளவிட 2.4 மடங்குன்னு பாத்தாங்க. அதனாலதான் எட்டு வருஷம்னு கணக்கு, ராத்திரியோட ராத்திரியா வர்ற சங்கதி இல்ல.

ஈ.கோலை மட்டும்தான்னு நினைக்காதீங்க. நஞ்சு செய்யுற ஒரு வகை பாக்டீராய்டஸ் ஃப்ரஜிலிஸ் இருக்கு, வாயில ஈறுல இருக்கிற ஃபியூசோபாக்டீரியம் இருக்கு. இதய வால்வுல ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போவிஸ்னு ஒண்ணு வளந்தா ஹார்ட் டாக்டர் ஆளப் பிடிச்சு கொலோனோஸ்கோப்பிக்கு அனுப்புவாரு, நம்ப மாட்டீங்க, அந்த தொடர்பு 1970கள்லயே தெரிஞ்சது.

மட்டிப்பழம்:

தம்பி ரொம்ப நன்றி, ரெண்டு தடவ வாசிச்சேன், ரப்பர் பட்டை சொன்னத அவியகிட்டயும் வாசிச்சு காட்டுனேன், ஒண்ணும் சொல்லல ஆனா டிவிய அணைச்சிட்டு கேட்டாவ. கொழுந்தன் இப்பவும் விடமாட்டேங்கான், "பாத்தியா மதினி, அந்த தம்பியே கிருமின்னு ஒத்துக்கிட்டாரு, அப்ப ஆன்டிபயாடிக் போட்டு கொன்னுட்டா முடிஞ்சுது, எனக்கு எச் பைலோரிக்கு செஞ்ச மாதிரி"ங்கான். அவனுக்கு என்ன பதில் சொல்ல? தயிரு, ப்ரோபயாடிக் பாக்கெட்டு இதெல்லாம் குடுக்கலாமா?

பாறசாலை:

கொழுந்தன் கேக்கது ஞாயமான கேள்விதான், சிரிக்க ஒண்ணுமில்ல. எச் பைலோரி கதைல ஒரே வில்லன். இரைப்பைல அமிலம், அதுல வேற கூட்டம் பெருசா கிடையாது, அவன் ஒருத்தன அடிச்சு விரட்டுனா புண்ணு ஆறிருது. ஆஸ்திரேலியாவுல மார்ஷல், வாரன்னு ரெண்டு பேரு அத நிரூபிக்க பட்ட பாடு கொஞ்சமில்ல, 1984ல மார்ஷல் கிருமிய தானே குடிச்சு பாத்தாரு, 2005ல நோபல் குடுத்தாங்க. 1994லயே அத கேன்சர் உண்டாக்குற காரணின்னு உலக சுகாதார நிறுவனத்தோட கேன்சர் பிரிவு முதல் பட்டியல்ல போட்டாச்சு.

பெருங்குடல் அப்படி இல்ல. அங்க இருக்கது நூத்துக்கணக்கான வகை. ஈ.கோலைய கொல்ல ஆன்டிபயாடிக் போட்டா ப்யூட்டிரேட் செய்யுற நல்ல கூட்டமும் சேந்து சாவும். ப்யூட்டிரேட் இல்லன்னா குடல் செல்லு ஆக்சிஜன எரிக்காது, ஆக்சிஜன் உள்ள கசியும், அப்ப முதல்ல எந்திரிச்சு பெருகுறது யாருன்னு நினைக்கீங்க, அதே ஈ.கோலை குடும்பம்தான். இத எலில செஞ்சே காட்டியிருக்காங்க. அதுபோக கோலைட்டிஸ் உள்ளவங்களுக்கு ஆன்டிபயாடிக்குக்கு அப்புறம் சி டிஃபிசில்னு ஒரு கிருமி பிடிச்சா நோவு ஒரேயடியா கூடிரும். டாக்டர் ஒரு காரணத்துக்கு எழுதி குடுத்தா தின்னணும், கொழுந்தன் சொன்னான்னு தின்னக் கூடாது.

கூரியர் டெஸ்ட். மேல 20.8னு சொன்னேன்ல, ஒரு நோவும் இல்லாதவங்கள்ல அஞ்சுல ஒருத்தருக்கு அந்த பாக்டீரியா இருக்கு. டெஸ்ட்ல இருக்குன்னு வந்தா கேன்சர்னு அர்த்தமில்ல, இல்லன்னு வந்தா தப்பிச்சோம்னும் அர்த்தமில்ல. வந்த ரிப்போர்ட்ட வச்சு டாக்டர் செய்யுற வைத்தியத்துல ஒரு மாத்திரை கூட மாறாது. பின்ன எதுக்கு காசு? அந்த பணத்துக்கு கால்புரோடெக்டின் பாருங்க, புளியரை அண்ணன் சொன்னாரே, அதுல மாத்துறதுக்கு விஷயம் இருக்கு.

ப்ரோபயாடிக் விஷயத்துல ஒரு வேடிக்கை இருக்கு, எங்க லேப்ல புதுசா சேருற பிள்ளைங்ககிட்ட இத சொன்னா வாயப் பொளப்பாங்க. நிஸ்ல் 1917னு ஒரு ஈ.கோலை, முதல் உலகப்போர் சமயம் ஆல்ஃப்ரட் நிஸ்ல்ங்கிற ஜெர்மன் டாக்டர், கூட உள்ளவனுக்கெல்லாம் வயித்துப்போக்கு வந்தும் தனக்கு மட்டும் வராத ஒரு சிப்பாயிகிட்ட இருந்து எடுத்தது. அத மருந்தாவே விக்கிறாங்க, கோலைட்டிஸ் திரும்ப வராம வைக்க மெசலமைன்ங்கிற கோலைட்டிஸ் மாத்திரை அளவுக்கு வேல செய்யுதுன்னு 2004ல ட்ரயலும் வந்துச்சு. அதுகிட்ட பிகேஎஸ் இருக்கு, கோலிபாக்டினும் செய்யுது. அப்ப இது நல்லவனா கெட்டவனா? அத தின்ன ஆளுங்களுக்கு அதனால கேன்சர் வந்துச்சுன்னு யாரும் காட்டல, ஆனா நல்ல பாக்டீரியான்னு பாக்கெட்ல அச்சடிச்சிட்டா முடிஞ்சதுன்னு நினைக்கவும் முடியாது. 2020ல அமெரிக்க கேஸ்ட்ரோ (வயிறு குடல் டாக்டர்கள்) சங்கம் அல்சரேட்டிவ் கோலைட்டிஸுக்கு ப்ரோபயாடிக்க ஆராய்ச்சிக்கு வெளிய குடுக்க வேண்டாம்னுதான் எழுதுனாங்க. வீட்டு தயிரு, மோரு அவியளுக்கு ஒத்துக்கிட்டா தாராளமா குடுங்க, மாத்திரைக்கு பதிலா குடுக்காதீங்க.

கேன்சர தடுக்க இன்னைக்கு நம்ம கைல இருக்கிற பிடி ரெண்டுதான் அக்கா. உள்ள புண்ணு கனியாம வச்சுக்கிறது, நேரத்துக்கு உள்ள எட்டிப் பாக்கிறது. முதல் பிடி அந்த மாத்திரை டப்பாவுல இருக்கு. ரெண்டாவதுக்கு கொழிஞ்சாம்பாறை சிஸ்டர் வருவாங்க, அவங்க தினம் ஸ்கோப் ரூம்ல நிக்கறவங்க.

கொழிஞ்சாம்பாறை:

வணக்கமுங்க அக்கா. டூட்டி முடிஞ்சு இப்பத்தான் பாத்தேன். உங்க வீட்டுக்காரர் மாதிரி ரத்தம் வரலையே எனக்கெதுக்குன்னு சொல்றவங்க வாரத்துக்கு ரெண்டு பேராவது வருவாங்க, அப்புறம் பொண்டாட்டி முறைச்சதும் படுத்துக்குவாங்க.

பயமுறுத்த வேண்டாம்னு முதல்ல ஒரு நம்பர் சொல்லிடறேனுங்க. பழைய ஆராய்ச்சிங்கள எல்லாம் சேத்து 2001ல போட்ட கணக்குல, அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் உள்ளவங்கள்ல 10 வருஷத்துல 2 சதவீதம், 20 வருஷத்துல 8, 30 வருஷத்துல 18 பேருக்கு கேன்சர் வந்துச்சு. அதுக்கப்புறம் வந்த கணக்குங்கள்ல அதவிட கம்மிதான் வருது, மருந்து நல்லாயிடுச்சு, ஸ்கோப்பும் நேரத்துக்கு பாக்கறாங்க. அதனால பெரும்பாலானவங்களுக்கு வராதுங்க, ஆனா யாருக்கு வரும்னு வெளியிலிருந்து பாத்து சொல்ல முடியாது.

எட்டு வருஷங்கறது ரிப்போர்ட் வந்த நாள்ல இருந்து இல்ல, முதல்ல தொந்தரவு ஆரம்பிச்சதுல இருந்து எண்ணணும். மலக்குடல்ல மட்டும் புண்ணுன்னா இந்த கண்காணிப்பு வேண்டியதில்ல, உங்களவருக்கு முழுக்கங்கறதால கட்டாயம் வேணும். ஒருதரம் பாத்துட்டு என்ன இருக்குங்கறத பொறுத்து அடுத்தது ஒரு வருஷத்துலயா மூணு வருஷத்துலயா அஞ்சு வருஷத்துலயான்னு டாக்டர் சொல்லுவாரு. பித்தநாளத்துல பிஎஸ்சின்னு ஒரு வியாதி சேந்து இருக்கறவங்களுக்கு மட்டும் கண்டுபிடிச்ச அன்னைல இருந்தே வருஷா வருஷம். சொந்தத்துல யாருக்காச்சும் பெருங்குடல் கேன்சர் இருந்திருந்தா அதையும் மறக்காம சொல்லிடுங்க.

ஏன் ஸ்கோப்பே வேணும், மலத்துல ரத்தம் பாக்கற டெஸ்ட் போதாதான்னு கேப்பாங்க. கோலைட்டிஸ்காரங்களுக்கு புண்ணுலயே ரத்தம் வரும், அதனால அந்த டெஸ்ட் பிரயோஜனம் இல்ல. இன்னொண்ணு, சாதாரணமா வர்ற குடல் கேன்சர் பாலிப்புன்னு மொட்டு மாதிரி எந்திரிச்சு நிக்கும், கண்ணுக்கு தெரியும், வெட்டி எடுத்தா ஆச்சு. புண்ணுல வர்றது நிறைய தடவ தட்டையா தோலோட தோலா கிடக்கும், சுத்தியுள்ள எடமும் கெட்டிருக்கும். பி53ங்கற காவல் ஜீனு மத்தவங்களுக்கு கடைசி கட்டத்துல கெடும், இவங்களுக்கு ஆரம்பத்துலயே கெடும்னு எங்க டாக்டர் கிளாஸ் எடுப்பாரு. முன்னெல்லாம் பத்து சென்டிமீட்டருக்கு நாலு துண்டுன்னு முப்பதுக்கு மேல சதை எடுப்போம், ஒவ்வொரு பாட்டிலுக்கும் லேபிள் ஒட்டியே கை ஓஞ்சிடும். இப்ப இண்டிகோ கார்மைன்னு நீலச்சாயம் உள்ள தெளிச்சு பாக்கறாங்க, நீலம் பரவுனதும் குடல் மடிப்பெல்லாம் எழுதி வெச்ச மாதிரி தெரியும், ஒழுங்கில்லாத எடம் அப்பத்தான் கண்ணுல சிக்கும், அங்க மட்டும் துண்டு எடுப்பாங்க. உங்க ஆஸ்பத்திரில சாயம் தெளிச்சு பாப்பீங்களான்னு கேளுங்க, கேக்கறதுல தப்பே இல்லீங்க.

நோவு இல்லாம இருக்கறப்பதான் இத பாக்கணும். புண்ணு சிவந்து கிடந்தா செல்லு மாறியிருக்கா இல்ல புண்ணால அப்படி தெரியுதான்னு மைக்ரோஸ்கோப்ல பாக்கறவங்களே குழம்பிடுவாங்க. அதனால "சுகமா இருக்கேன்"னு உங்களவர் சொல்றாருல்ல, ஸ்கோப்புக்கு அதுதான் சரியான நேரம்னு சொல்லுங்க.

வேம்புநிழல்:

சரி ஸ்கோப் பத்தி நான் வாய திறக்கல. ஆனா பழங்கஞ்சிய கிண்டல் பண்றவங்க பண்ணட்டும், அதுலதான் நல்ல பாக்டீரியா இருக்குன்னு இப்ப விஞ்ஞானியே சொல்றான்.

பாறசாலை:

யாரும் கிண்டல் பண்ணல அண்ணாச்சி. சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரில குடல் நோயாளிங்களுக்கு பழைய சோறு குடுத்து பாக்குற ஆராய்ச்சியே அரசாங்கப் பணத்துல தொடங்குனாங்க. வேகவச்சு ஆறுன சோத்துலயும் மரச்சீனிலயும் செரிக்காத மாவு கொஞ்சம் கூடும், அது பெருங்குடல் வரைக்கும் போய் பாக்டீரியாவுக்கு தீனியாவும், அவன் ப்யூட்டிரேட் செய்வான். வேலூர் சிஎம்சில ராமகிருஷ்ணா டாக்டர் குழு 2000லயே இந்த மாதிரி மாவ உப்பு சர்க்கரை கரைசல்ல சேத்து காலராக்காரங்களுக்கு குடுத்து பேதி சீக்கிரம் நிக்குதுன்னு காட்டுனாங்க. அதனால நோவு அடங்கி இருக்கும்போது கஞ்சி நல்லதுதான். மாதுளம் ஓட்டுப் பொடி மட்டும் எனக்கு சரியா படல, இவ்வளவு வருஷம் மருந்து தின்ன ஆளுக்கு எத சேக்கதுன்னாலும் டாக்டர் காதுல போட்டுட்டு சேக்கணும்.

மட்டிப்பழம்:

எல்லாருக்கும் கோடி நன்றி. அவிய ஒத்துக்கிட்டாவ, முழு மனசோட இல்ல, "சாயம் தெளிச்சு பாப்பாவன்னா போயி பாக்கலாம்"னு ஒரு மாதிரி சொன்னாவ. நாளைக்கு டோக்கன் எடுக்கப் போறேன். சிஸ்டர், வயித்த கழுவ பொடி குடுப்பாவள்ல, அதுக்கு முன்ன சாப்பாடு என்ன குடுக்கணும்? சத்துக்கு இரும்பு மாத்திரை தின்னுகாவ, அத நிறுத்தணுமா? வெட்டுக்கு எத்தன நாள் லீவு சொல்ல?

கொழிஞ்சாம்பாறை:

ரொம்ப சந்தோஷமுங்க. இரும்பு மாத்திரைய ஒரு வாரத்துக்கு முன்னாடியே நிறுத்தச் சொல்லுவாங்க, இல்லைன்னா உள்ள கருப்பா ஒட்டிக்கிட்டு ஒண்ணும் தெரியாது, தேதி போடறப்பவே கேட்டுக்கோங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை ஏதாவது இருந்தா அத நீங்களா நிறுத்தாதீங்க, டாக்டர் சொல்லணும். கோலைட்டிஸ் மாத்திரை வழக்கம் போல.

ரெண்டு மூணு நாளைக்கு முன்னாடியிருந்து கீரை, கொய்யா, தக்காளி விதை, தேங்காத் துருவல், பயறு வேண்டாம், நல்லா குழைஞ்ச சோறு, இட்லி, முட்டை, மீன் குழம்புல மீன் மட்டும். முந்தின நாள் வடிச்ச கஞ்சித் தண்ணி, இளநீர், பால் விடாத டீ, சிவப்பு கலர் ஜூஸ் கூடவே கூடாது, உள்ள பாத்தா ரத்தம் மாதிரி தெரியும். பொடிய பாதி சாயந்திரம் பாதி விடியக்காலைன்னு பிரிச்சுதான் குடிக்கச் சொல்லுவாங்க, சில்லுன்னு வெச்சு குடுத்தா குமட்டாது. கடைசில மூத்திரம் மாதிரி மஞ்சத் தண்ணியா போகணும், அதுவரைக்கும் சுத்தம் ஆகலைன்னு அர்த்தம். பாதில போதும்னு நிறுத்துனா திரும்ப முதல்ல இருந்து.

மயக்க ஊசி போட்டா அன்னைக்கு வண்டி ஓட்டக்கூடாது, கூட ஆள் வேணும், மறுநாள் விடியக்காலமும் வெட்டுக்கு விடாதீங்க, கத்தி பிடிக்கற வேலையாச்சே. சதை எடுத்திருந்தா லேசா ரத்தக் கசிவு தெரியலாம், கட்டி கட்டியா போனாலோ வயிறு கல்லு மாதிரி ஆனாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே போயிடுங்க.

ரிப்போர்ட்டுல டிஸ்பிளேசியா (கேன்சருக்கு முந்தின செல்லு மாற்றம்) இல்லைன்னு வந்தா அடுத்த தேதிய மட்டும் கேட்டு எழுதிக்கோங்க. நிச்சயமா சொல்ல முடியலைன்னு வந்தாலும் உடனே கேன்சர்னு நினைச்சு வீட்ல அழுது வெக்காதீங்க, உள்ள கொஞ்சம் புண்ணு மிச்சம் இருந்தா அப்படி வரும், மருந்த சரி பண்ணிட்டு சில மாசத்துல திரும்ப பாப்பாங்க. இருக்குன்னு வந்தா அந்த ஸ்லைட ரெண்டாவதா ஒரு பேத்தாலஜி டாக்டரும் பாக்கணும், அத நீங்களே கேட்டு வாங்குங்க.